குடும்பத்தோடு பல் காட்டப் போகிறீர்களா? என் 84,000 ரூபாய்க் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

எங்கள் குடியிருப்பின் கேட்டில் நேற்று ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது. 'குடும்பம் முழுமைக்கும் இலவசப் பல் பரிசோதனை, இலவச எக்ஸ்ரே, இந்த ஞாயிறு மட்டும்.' கீழே பளீரென்று சிரிக்கிற ஒரு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். போன ஜனவரியில் இதே சீட்டைப் பார்த்துத்தான் நானும் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தேன். பக்கத்து பிளாக்கில் புதிதாகக் குடிவந்த இரண்டு மூன்று பேர் "எப்படி சார், போகலாமா?" என்று கேட்டார்கள். வாட்ஸப்பில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கிளினிக்கின் பெயரை எழுதவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. குரோம்பேட்டைப் பக்கம், அவ்வளவுதான்.

முகாம் என்பது ஒரு மேசை, ஒரு டார்ச், ஒரு பல் கண்ணாடி. அங்கே யாரும் எதையும் விற்கவில்லை. "சின்னதா ஒரு சொத்தை தெரியுது சார். கிளினிக் வந்தீங்கன்னா ஓபிஜி எடுத்துப் பார்த்துடலாம், ஃப்ரீதான்" என்றார்கள். ஓபிஜி என்றால், இயந்திரம் தலையைச் சுற்றி வந்து மொத்தத் தாடையையும் ஒரே படமாக எடுப்பது. நான், மனைவி, 68 வயது அம்மா, 10 வயது மகள் என நாலு பேரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டோம். இலவசம்தானே!

டாக்டர் எங்கள் நாலு பேர் வாயையும் சேர்த்துப் பத்து நிமிஷம் பார்த்திருப்பார். அப்புறம் ஒரு கண்ணாடி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் டாக்டர் இல்லை, 'கோ-ஆர்டினேட்டர்'. டேப்லெட்டில் படத்தைப் பெரிதாக்கி, கறுப்பாகத் தெரிந்த இடத்தில் எல்லாம் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டே போனார். எனக்கு ஒரு ரூட் கேனல், அதாவது பல்லைக் குடைந்து வேருக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு மருந்து வைத்து அடைப்பது. மனைவிக்கு மூன்று. மகளுக்குப் பால் பல்லில் ஒன்று, அதன்மேல் ஸ்டீல் கேப். அம்மாவுக்கு நாலு பல் பிடுங்க வேண்டும், மூன்றுக்கு கேப். அம்மா வாயில் மிச்சம் இருப்பதே பதினாறு பல். "ஏண்டா, இருக்கிற பதினாறுல ஏழுக்கு வேலை சொல்றாங்களே, நான் எதால மெல்றது?" என்று என் காதில் கேட்டார். நான் சிரித்தேன். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மொத்தம் 1,20,000 ரூபாய். "இன்னைக்கே கன்ஃபர்ம் பண்ணீங்கன்னா ஃபேமிலி பேக்கேஜ்ல 30 பர்சென்ட் ஆஃப் சார். நாளைக்கு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." பல் என்ன பட்டாசா, இன்று வாங்காவிட்டால் நாளைக்குத் தீபாவளி முடிந்துவிடும் என்பதற்கு? இதை இப்போது கேட்கிறேன். அன்று கேட்கவில்லை. சொத்தை ராத்திரியோடு ராத்திரியாக வேருக்குள் இறங்கிவிடும் என்று அவர் சொன்ன பயம் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது.

கையில் அவ்வளவு பணம் இல்லை என்றேன். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். "வட்டியே கிடையாது சார், மாசம் ஏழாயிரம், பன்னிரண்டு மாசம்." பான் எண் கேட்டார், போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார், ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், மாதாமாதம் கிளினிக்குக்குக் கட்டப்போகிறேன், சிகிச்சை பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்று. நடந்தது அது இல்லை. அது ஒரு நிதி நிறுவனத்திடம் என் பெயரில் எடுத்த கடன். முழுப் பணமும் மொத்தமாகக் கிளினிக்குக்குப் போய்விட்டது. நான் சிகிச்சையை நிறுத்தினாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண், என்னுடையதுதான் அடிவாங்கும். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் மனதில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: பல் நாற்காலிக்குப் போகும் முன் யாராவது ஓடிபி கேட்டால் போனைப் பைக்குள் வையுங்கள்.

முதலில் என் பல். வலது கீழ்க் கடைவாய்ப் பல். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசும், மற்றபடி வலி இல்லை. மூன்று நாள் போனேன், மூன்று நாளும் மூன்று வேறு டாக்டர்கள். முந்தின நாள் என்ன செய்தார்கள் என்று அடுத்தவர் என்னிடமே கேட்டார்! மரத்துப்போக ஊசி போட்டார்கள், குடைந்தார்கள், அடைத்தார்கள். முடிந்த பிறகு எடுத்த படத்தைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. முழுக்க செராமிக்கான ஜிர்கோனியா கேப் 12,000, ரூட் கேனல் 6,000 என்று கணக்கு. பில்லில் அது இரண்டுமே இல்லை, 'டென்டல் ட்ரீட்மென்ட்' என்று ஒற்றை வரி.

அந்த மூன்று நாளில் கண்ணில் பட்டு மனதில் பதியாத ஒரு விஷயம் உண்டு. தட்டின் பக்கத்தில் பாதி தீர்ந்த சலைன் பாட்டில், மூடியில் ஊசி குத்தியபடியே இருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கும் அதிலிருந்துதான் எடுத்தார்கள். 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களில் 8 பேர் மூளைத் தொற்றில் இறந்துபோனது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. மெலியாய்டோசிஸ் என்ற அந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியா, திறந்து சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் பாட்டில் வழியாகப் போனது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் அதிர்ஷ்டம். கருவிகள் ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பிளாஸ்டிக் வைத்த உறையில் வரும். நீராவியில் சுத்தம் செய்திருந்தால் உறையின்மேல் உள்ள குறி நிறம் மாறியிருக்கும். அந்த உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்கச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மகளின் பல் கதை சின்னது. அவளுக்கு வேலை ஆரம்பிக்கக் குறித்த தேதிக்கு நாலு நாள் முன்னால், பள்ளி விட்டு வந்தவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். 6,500 ரூபாய்க்கு ரூட் கேனலும் கேப்பும் போட வேண்டிய அதே பால் பல், மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போது தானாக விழுந்துவிட்டதாம். அந்த ஓபிஜியை நான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான். பால் பல்லுக்கு வேரே இல்லை, கரைந்துபோயிருக்கிறது. அடியில் புதுப் பல் முட்டிக்கொண்டு நிற்கிறது. பல் மருத்துவம் படிக்காத எனக்கே தெரிந்தது. பால் கடைவாய்ப் பற்கள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் விழுகிறவை. விழப்போகிற பல்லுக்குக் கேப் போடச் சொல்கிறவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். இரண்டில் எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் கமர்கட்டு. கேப் போட்டு ஏழு வாரம் இருக்கும். ஊரிலிருந்து வந்த சித்தப்பா கமர்கட்டு கொண்டுவந்திருந்தார். வலது பக்கம் கடிக்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கடித்தேன். வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால் கமர்கட்டில் வெள்ளையாக ஒரு பல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெந்நீரில் போட்டு வெல்லத்தைக் கரைத்து, கழுவித் திருப்பிப் பார்த்தேன். வெளியே வெள்ளை, உள்ளே எவர்சில்வர் டம்ளரின் அடிப்பக்கம் மாதிரி சாம்பல் நிறம். ஜிர்கோனியா உள்ளும் புறமும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கேப்பை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் எங்கள் பழைய டாக்டரிடம் போனேன். வீடு மாறியதால் அவரை விட்டிருந்தோம். இத்தனை வருஷத்தில் "இது இன்னும் அஞ்சு வருஷம் ஓடும், இப்ப கை வைக்க வேணாம்" என்று பல தடவை எங்களைத் திருப்பி அனுப்பிய மனிதர். கேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மெட்டல் மேல செராமிக் ஏத்தினது. மட்டம்னு சொல்ல மாட்டேன், ஒழுங்கா போட்டா நல்லா உழைக்கும். ஆனா இதுக்கு ஜிர்கோனியா காசு வாங்கக் கூடாது" என்றார். ஜிர்கோனியா என்றால் அதைச் செய்துகொடுத்த லேபிலிருந்து பெரும்பாலும் உத்தரவாத அட்டை வரும், அதில் எண் இருக்கும். என்னிடம் அட்டை இல்லை.

ஒரு சின்னப் படம் எடுத்தார், அந்தப் பல்லுக்கு மட்டும். பென்சில் முனையால் காட்டினார். மூன்று வேர்க்கால்வாய் இருக்கவேண்டிய பல், இரண்டில்தான் மருந்து. அதிலும் ஒன்று பாதி வழியிலேயே நிற்கிறது. வேர் நுனிக்குக் கிட்டத்தட்டப் போய்ச் சேர வேண்டியது. முழுக்கப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று, 9,500 ரூபாய். "முதல்ல இதுக்கு ரூட் கேனல் தேவைப்பட்டதா டாக்டர்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதை இப்ப யாராலும் சொல்ல முடியாது. நரம்பை எடுத்தாச்சே."

மனைவியின் மூன்று பல்லைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. "நான் வேணாம்னு சொன்னா என் பக்கம் இழுக்கறேன்னு நினைப்பீங்க. கோட்டை ஸ்டேஷன் எதிர்ல கவர்ன்மென்ட் டென்டல் காலேஜ் இருக்கு. அங்க காட்டுங்க. அவங்களுக்கு உங்களால ஒரு பைசா லாபமும் இல்ல."

1953இல் தொடங்கிய கல்லூரி, குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் நேராகக் கோட்டையில் போய் இறங்கலாம். சீட்டு போட்டு, வரிசையில் நின்று, அரைநாள் போனது உண்மை. மனைவியைப் பார்த்தவர் மேல்படிப்பு படிக்கும் இளம் டாக்டர். பஞ்சில் ஏதோ குளிர்ந்த மருந்தை அடித்து, "சுருக்குனு இருந்தா கையைத் தூக்குங்கம்மா, போனதும் இறக்கிடுங்க" என்று ஒவ்வொரு பல்லாகத் தொட்டார். என் மனைவி கையைத் தூக்குகிறாள், ஒன்று, இரண்டு, இறக்குகிறாள். பஞ்சை எடுத்ததும் கூச்சம் போய்விட்டால் நரம்பு நன்றாக இருக்கிறது. எடுத்த பிறகும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று வலி நின்று குடைந்தால் ரூட் கேனல் பேச்சு. ஓபிஜியில் பக்கத்துப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியும், பல்லின் கழுத்துப் பகுதி சும்மாவே கறுப்பாக விழும், அதை மட்டும் வைத்துக்கொண்டு சொத்தையின் ஆழத்தை முடிவு செய்யக்கூடாது என்றும் விளக்கினார். முடிவில் மூன்று ரூட் கேனல் ஒரு ஃபில்லிங்காகச் சுருங்கியது. அந்தச் சோதனைக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஐந்து நிமிஷம். கண்ணாடி அறைக் கிளினிக்கில் எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் அதைச் செய்யவில்லை.

அம்மாவுக்கு நாலு பல் பிடுங்கத் தேதி குறித்தார்களே, அவருக்குச் சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டும் உண்டு. நீங்களாகவே சொல்லிவிடுங்கள், மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிட்டும் போகாதீர்கள், அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பல்லுக்கு எண் உண்டு. என்னுடையது 46, எந்த ஊர் பல் டாக்டரிடம் சொன்னாலும் வலது கீழ் முதல் பெரிய கடைவாய்ப் பல் என்று புரியும். மதிப்பீட்டுச் சீட்டிலும் பில்லிலும் அந்த எண், செய்த வேலை, கேப் எந்த வகை, அன்று செய்த டாக்டரின் பெயர், அவருடைய டென்டல் கவுன்சில் பதிவு எண் எல்லாம் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். படத்தைப் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். குடைவதற்கு முன்னால் வாங்குங்கள், பின்னால் இல்லை. படம் கையில் இருந்தால் இன்னொரு டாக்டர் பார்க்க முடியும். குடைந்துவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது. நான் படம் கேட்டபோது "சிஸ்டத்துல இருக்கு சார்" என்றார்கள். மூன்று தடவை கேட்டு, கடைசியில் பதிவுத் தபாலில் எழுதிக் கேட்ட பிறகுதான் வந்தது.

மீதிச் சிகிச்சை வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு "பேக்கேஜ் நான்-ரீஃபண்டபிள் சார்" என்று பதில். 1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். பத்து நாளில் மேனேஜர் கூப்பிட்டார், குரலில் திடீர் மரியாதை. 40,000 தருகிறோம், சிகிச்சை திருப்தி என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போடவில்லை. செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கவேண்டும். பல் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள்தான் வருகிறது, "டாக்டர் மேல எல்லாம் கேஸ் போட முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவச் சேவை அதற்குள் அடங்கும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தவணை இன்னும் இரண்டு பாக்கி. மாதம் ஐந்தாம் தேதி போனில் 7,000 கழிந்த செய்தி வரும்போதெல்லாம் நாக்கு தானாக அந்தப் பல்லைத் தொட்டுப் பார்க்கிறது. கழன்று வந்த கேப்பைத் தொலைத்துவிடாதீர்கள், அதுதான் முக்கியமான சாட்சி என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அது இப்போது அம்மாவின் விபூதிச் சம்புடத்தில் பத்திரமாக இருக்கிறது. அம்மா விபூதியைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு பூசிக்கொள்கிறார்.