பழைய 303-க்கு எந்த ரவை: இராணுவ மிச்சமா, கடைச் சரக்கா, கையால் நிரப்பியதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சண்டையைப் பிறகு பிடிக்கலாம். பழைய லீ-என்பீல்ட் (303 ரவை சுடும் பிரிட்டிஷ் இராணுவத் துவக்கு) வைத்திருக்கிற எல்லோரும் "எந்த வெடிமருந்து நல்லது" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தத் துவக்கில் முக்கால்வாசி விஷயத்தைத் தீர்மானிப்பது மருந்து இல்லை, பித்தளைக் கோது, அதாவது மருந்தையும் பறக்கிற சன்னத்தையும் அடைக்கிற உறை. கோதைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் மருந்தில் இரண்டு மூன்று நல்ல தெரிவுகள் இருக்கின்றன, எதை எடுத்தாலும் மான் விழும்.

கொழும்பில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் உள்ள நாட்டில், வீட்டு மேசையில் ரவை நிரப்புகிறேன் என்று யாரும் கிளம்ப முடியாது. ஆனால் மச்சான் ரொறன்ரோப் பக்கம் இருக்கிறார், முறைப்படி லைசென்ஸ் எடுத்து நொவெம்பரில் மான் வேட்டைக்குப் போகிறவர். அவர் வாங்கியது லோங் பிராஞ்சில் செய்த நம்பர் 4 ரைபிள், லீ-என்பீல்டில் ஒரு வகை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மிசிசாகாவில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதைச் செய்த தொழிற்சாலை இருந்தது. அங்கே துவக்குகளைச் சோதித்த கட்டடம் இப்போது கலை மண்டபம். எனக்குப் பழைய துவக்குகளைப் பற்றி வாசிக்கிற பைத்தியம் உண்டு என்று தெரிந்துதான் அதற்கு எந்த ரவை போடுவது என்று கேட்டார், நானும் விடவில்லை.

சரி, மூன்று வழி.

முதலாவது, இராணுவ மிச்சம். மலிவு என்று பேர், ஆனால் இப்போது அதுவும் மலிவில்லை. பழைய பிரிட்டிஷ் 303 ரவையைப் பிரித்தால் உள்ளே மாவோ மணியோ இருக்காது, நூல்நூலாக ஒரு கட்டு இருக்கும். அதுதான் கோர்டைட். 303 ரவை 1880களின் கடைசியில் வந்தபோது கரிமருந்தில்தான் ஓடியது, 1891இல் கோர்டைட் வந்தது. முதல் கலவையில் 58 வீதம் நைட்ரோகிளிசரின், 37 வீதம் பஞ்சு மருந்து, 5 வீதம் வாஸ்லின். எரிகிற சூட்டில் குழலின் உட்புறத்தை அரித்துத் தின்றது, அதனால் பிறகு நைட்ரோகிளிசரினை 30 வீதத்துக்குக் குறைத்தார்கள். குறைத்தும் அது சூடான மருந்துதான்.

கோர்டைட்டைவிடப் பெரிய தலையிடி பிரைமர், கோதின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் குப்பி. பழைய இராணுவப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், சுட்ட பிறகு குழலுக்குள் பொட்டாசியம் குளோரைட் தங்கும். அது உப்பு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, மழைக்காலத்தில் மேசையில் வைத்த உப்புப் போத்தல் என்ன ஆகிறதோ அதுதான் குழலுக்குள்ளும் நடக்கும், ஆனால் இங்கே உப்புக்கு அடியில் இரும்பு இருக்கிறது. எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது. தண்ணீர் வேண்டும், அதுவும் கொதிநீர். பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றியது அதற்காகத்தான், எண்ணெய் அதற்குப் பிறகு.

இதிலும் நல்லது கெட்டது உண்டு. கிரேக்கத்தின் எச்எக்ஸ்பி முத்திரை போட்ட ரவை கிடைத்தால் வாங்கலாம், அது அரிக்காத பிரைமர், கோதையும் திரும்ப நிரப்பலாம். பாகிஸ்தானின் பிஓஎப் முத்திரை போட்ட பழைய ரவைகளுக்கு நேர் எதிரான பேர்: விசையை இழுத்தால் "டிக்" என்று ஒரு சத்தம், கொஞ்சம் கழித்து வெடி. அந்த இடைவெளியில் ஒருவர் "வெடிக்கவில்லையே" என்று போல்ட்டை (ரவையைப் பின்னாலிருந்து பூட்டுகிற உருளை) திறந்தால் கதை கந்தல். வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மார்க் 8இசட் என்று போட்ட பெட்டி அகப்பட்டால் அதையும் விடுங்கள், அது விக்கர்ஸ் இயந்திரத் துவக்குக்காகச் செய்தது. மொத்தத்தில் இந்த வழி சேகரிப்பவர்களுக்கு, வேட்டைக்காரனுக்கு இல்லை. அப்புறம், பழைய ரவையைப் பிரித்து அந்த மருந்தை எடுத்துப் புதுக் கோதில் போடலாமா என்றும் மச்சான் கேட்டார். வேண்டவே வேண்டாம். எந்த மருந்து, எத்தனை வருடம் எந்தச் சூட்டில் கிடந்தது, ஒன்றும் தெரியாமல் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் வெடிக்க வைக்கிற வேலை அது.

இரண்டாவது, கடைச் சரக்கு. இதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை, அதுதான் அதன் நல்ல குணம். சேர்பியாவின் பிபியு, செக் நாட்டின் செலியர் அண்ட் பெலோ இரண்டும் 303 செய்கின்றன. அரிக்காத பிரைமர், நல்ல பித்தளை. பிபியு 174 கிரெயின் எடையுள்ள முழு உறைச் சன்னம் விற்கிறது, 1910இல் வந்த மார்க் 7 இராணுவ ரவையின் சன்னமும் 174 கிரெயின்தான், அதனால் துவக்கின் பின்காட்சியில் உள்ள தூர எண்கள் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் அது பயிற்சிக்கு, மானுக்கு, பட்டதும் விரிகிற மென்முனைச் சன்னம் போட்ட பெட்டியை எடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு பெட்டி சுடுகிறவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபிக்க மாட்டேன்.

மூன்றாவது, கையால் நிரப்புவது. இங்கேதான் ஆட்கள் வழி தவறுகிறார்கள். காசு மிச்சம் என்று தொடங்குவார்கள். ஒரு இறாத்தல் மருந்து 7,000 கிரெயின், ஒரு 303 ரவைக்குச் சுமார் 40 கிரெயின் போகும் என்று வைத்தால் நூற்றெழுபத்தைந்து ரவை வரும் (இது காசுக் கணக்குக்குச் சொல்வது, நிரப்புகிற அளவு இல்லை, அளவுக்குக் கம்பனி வெளியிடும் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்). ஆனால் பிரஸ், அச்சுகள், தராசு எல்லாம் வாங்கிய காசு திரும்ப வர வருடக்கணக்காகும்.

உண்மையான இலாபம் வேறு. லீ-என்பீல்டில் போல்ட்டைப் பூட்டுகிற காதுகள் அதன் பின்பக்கம் இருக்கின்றன, ஜெர்மன் மௌசர் துவக்கில் முன்னால். அதனால் வெடிக்கும்போது முழு அமைப்பும் கொஞ்சம் நீளும். அதோடு சேறு பிடித்தாலும் ரவை உள்ளே போகட்டும் என்று சேம்பரை (ரவை போய் உட்காரும் அறை) தாராளமாகக் கடைந்திருக்கிறார்கள். ரவை நிற்பது கோதின் அடி விளிம்பில், கோது கழுத்தாகக் குறுகுகிற தோளில் இல்லை. விளைவு, சுட்ட கோது அடியிலிருந்து சற்று மேலே உள்ள இடத்தில் இழுபட்டு மெலிகிறது. அதை அச்சில் விட்டுத் திரும்பத் திரும்பத் தொழிற்சாலை அளவுக்கு முழுதாக அமுக்கினால், சில தடவைகளிலேயே அடி தனியாகக் கழன்று மேல்பாதி சேம்பருக்குள் மாட்டிக்கொள்ளும். வழி என்னவென்றால் கழுத்தை மட்டும் அமுக்குவது. சுட்ட கோது அந்தத் துவக்கின் சேம்பருக்கு ஏற்ற வடிவத்தில் விரிந்திருக்கிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும்? அடுத்த தடவை அது தோளிலும் சாய்ந்து நிற்கும், இழுபடாது, எத்தனையோ தடவை நிரப்பலாம். நிரப்புவதற்கு முன் ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்து, கோதுக்குள் விட்டு அடிப்பக்கச் சுவரைத் தடவிப் பார்க்க வேண்டும், பள்ளம் தட்டினால் அந்தக் கோது குப்பைக்கு. நம்பர் 4இல் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை நான்கு அளவில் வந்தன, போல்ட்டுக்கும் ரவைக்கும் நடுவில் இடைவெளி கூடிய துவக்குக்குப் பெரிய எண்ணைத் தேடிப் போடலாம். ஆனால் முதலில் கேஜ் வைத்து அளக்க வேண்டும்.

சன்னத்தின் விட்டமும் இதே கதை. பெயர் 303 என்றாலும் சன்னம் .311, .312 அங்குலம். போர்க்காலக் குழல்கள் சில .314 வரை போகும். அதனால் குழலை அளந்துவிட்டு வாங்குவது நல்லது. தேய்ந்த குழலுக்கும், லோங் பிராஞ்ச் செய்த, உட்புறத்தில் இரண்டு காடி மட்டும் வெட்டிய குழலுக்கும், பின்பக்கம் தட்டையான சன்னம் வால் குறுகியதைவிட நன்றாகப் போகும்.

இனி மருந்து. எனக்கு முதல் தெரிவு எச்4895. ஆஸ்திரேலியாவின் ஏடிஐ செய்வது, அங்கே ஏஆர்2206எச் என்ற பெயர், அமெரிக்காவின் ஹொட்ஜ்டன் பெட்டியில் எச்4895. சூட்டுக்கும் குளிருக்கும் அதிகம் ஆடாது, ஒன்ராரியோவின் நொவெம்பருக்கு அது பெரிய விஷயம். மெதுவான ரவை வேண்டுமென்றால் உச்ச அளவின் 60 வீதம் வரை இறங்கலாம் என்று கம்பனியே சொல்கிற மருந்து, பிள்ளைகளைப் பழக்க வசதி. வார்கெட்டும் அதே வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் மெதுவாக எரியும், 174, 180 கிரெயினுக்கு அழகாகப் பொருந்தும். ஐஎம்ஆர் 4895 வேறு மருந்து. எண் ஒன்று என்பதற்காக ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது, இதை இரண்டு தடவை சொன்னாலும் தப்பில்லை. பிஎல்-சி(2) போன்ற உருண்டை மருந்து அளவையில் தண்ணீர் மாதிரி ஓடும், குச்சி மருந்து சிக்கிச் சிக்கி விழும். அந்த வசதிக்காக உருண்டையை விரும்புகிறவர்கள் உண்டு, ஆனால் கடுங்குளிரில் பற்றவைக்க அது கொஞ்சம் அடம்பிடிக்கும், குளிரில் சுடுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

எந்த மருந்தானாலும் வேகத்தைத் துரத்துவதில் அர்த்தமில்லை. 303-க்கு அமெரிக்கத் தரம் வைத்த உச்ச அழுத்தம் 49,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்), அதைவிடப் புதிய .308 ரவைக்கு 62,000. எண்பது வருடத் துவக்கை அதற்கு மேலே தள்ளிக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே மச்சானுக்கு எழுதியது: பிபியு மென்முனைப் பெட்டிகள் சில வாங்குங்கள், சுடுங்கள், கோதுகளைப் பொறுக்கி வையுங்கள், பிடித்திருந்தால் அடுத்த வருடம் கழுத்து அமுக்குகிற அச்சும் எச்4895-உம். அவர் பதிலுக்கு, இவ்வளவு கரைச்சலுக்கு .308 ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டார். நியாயம்தான், கனேடிய இராணுவத்தின் ரேஞ்சர்களே 2018இலிருந்து நம்பர் 4ஐக் கைவிட்டு .308 சி19 ரைபிளுக்கு மாறத் தொடங்கினார்கள். இறைச்சிதான் வேண்டுமென்றால் .308ஐ வாங்குங்கள் மச்சான் என்று எழுதிவிட்டேன். அவர் இன்னும் லோங் பிராஞ்சை விற்கவில்லை, அச்சு விலைதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.