வெள்ளைக்காரச் சம்பந்திகளுடன் சுங்கை சிப்புட்டில் ஒரு சீனச் சாப்பாடு

இங்கிலாந்திலிருந்து வந்திருந்த சம்பந்திகளை ஈப்போ நகருக்கு அழைத்துச் செல்வதைவிட, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் ஊரின் பழைய கடைவரிசையில் எங்கள் தோட்டத்து மக்கள் சம்பள நாளில் தலைமுறையாகச் சாப்பிட்டு வரும் சீன உணவகத்துக்கே கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்தேன். குவான் யின் அம்மனை வணங்கும் குடும்பம் என்பதால் அங்கு மாட்டிறைச்சி சமைப்பதில்லை; நம்மவர்கள் தயங்காமல் உட்காரலாம்.

உட்கார்ந்ததும் சீனத் தேநீர் வந்தது. கோப்பை நிறையும்போதெல்லாம் சம்பந்தி பேச்சை நிறுத்தி நிமிர்ந்து நன்றி சொன்னார். நான் மட்டும் இரண்டு விரல்களை மடக்கி மேசையை மெல்லத் தட்டியதைக் கண்டு காரணம் கேட்டார். தென்சீன மக்களிடையே, குறிப்பாகக் கண்டோனீஸ் பேசுவோரிடம், தேநீர் ஊற்றியவருக்கு அதுவே நன்றி. மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சியென்லோங் என்ற சீனப் பேரரசர் தம் கையாலேயே பணியாளுக்குத் தேநீர் ஊற்ற, மண்டியிட்டால் அரசரின் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய அந்தப் பணியாள் தம் விரல்களையே மண்டியிட வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பானை காலியானால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மூடியைச் சற்றே திறந்து சாய்த்து வைத்தால் வெந்நீர் தானாக வரும்.

இந்தக் கடையை நான் மனதாரப் பாராட்டுவதற்குக் காரணம் அடுத்து நடந்ததுதான். சம்பந்தியம்மா தண்ணீர் குடிப்பதற்காகச் சாப்ஸ்டிக் குச்சிகள் இரண்டையும் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தார். பக்கத்து மேசையில் இருந்த ஒரு சீன மூதாட்டி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றிலும் ஊதுபத்திக் கிண்ணத்திலும்தான் குச்சிகள் அப்படி நிற்கும் என்பதால், சாப்பாட்டு மேசையில் அது சாவை வரவழைப்பது போன்ற அபசகுனம். தவுக்கேயின் (கடை முதலாளியின்) மனைவி ஒரு சொல்லும் சொல்லாமல் வந்து, அந்தக் குச்சிகளை எடுத்துத் துடைத்து, கிண்ணத்தருகே படுக்கையாக வைத்து, சம்பந்தியம்மாவின் தோளைத் தொட்டுச் சிரித்துவிட்டுப் போனார். காரணத்தைப் பிறகு என்னிடம் மலாயில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். விருந்தாளியின் முகம் வாடாமல் திருத்தும் இந்தப் பக்குவம் பெரிய ஓட்டல்களில்கூட எளிதில் கிடைக்காது.

சம்பந்தி ஆட்காட்டி விரலை மேல்நோக்கி வளைத்துப் பணியாளரை அழைத்தபோது நானே அவர் கையை இறக்கினேன். உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை அசைத்து அழைப்பதுதான் இங்கு மரியாதை. நம் வீடுகளிலும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

ஆவியில் வெந்த மீன் இஞ்சி மணத்தோடு, எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வரும் பதத்தில் இருந்தது. மேல்பாதி முடிந்ததும் மீனைப் புரட்ட முனைந்தவரை மீண்டும் தடுத்தேன்: புரட்டினால் படகு கவிழும் என்பது மீனவர் நம்பிக்கை. நடு எலும்பைத் தூக்கி எடுத்துவிட்டு அடிப்பாதியைச் சாப்பிட வேண்டும். பெலாச்சான் (இறால் விழுது) போட்ட கங்கோங் கீரை சுமார்தான், எண்ணெய் அதிகம்.

குறை ஒன்று உண்டு. மீனை எடைக்கு விற்கிறார்கள். ஆனால் விலையை முன்னதாகச் சொல்லவில்லை. நால்வருக்கு 148 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, அதில் பாதிக்கு மேல் மீனுக்கே. வெளிநாட்டு விருந்தினரை வைத்துக்கொண்டு விலை கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பதால், கடைக்காரர்களே சொல்லிவிடுவது நல்லது. பில்லைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி பணப்பையை எடுத்தார். அழைத்தவர் கொடுப்பதே சீனரிடத்தும் நம்மிடத்தும் முறை என்று சொல்லி நானே கொடுத்தேன். மீதிச் சில்லறையை நான் நீட்டிய இரு கைகளில் தவுக்கேயும் இரு கைகளால் வைத்தார். சம்பந்தி மேசையில் விட்டு வந்த 10 வெள்ளியைப் பணிப்பெண், மறந்து வைத்த பணம் என்று எண்ணி, கார் வரைக்கும் ஓடி வந்து திருப்பிக் கொடுத்தாள்.