தண்டுவட அழுத்தத்துக்கான எம்.ஆர்.ஐ.: மதுரை ஸ்கேன் மையம் ஒன்றில் எங்கள் அனுபவம்

கடந்த மாதம் என் அப்பாவுக்கு மதுரையில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சட்டைப் பொத்தான் போடும்போது விரல்கள் தடுமாறுவதும், காலிலிருந்து செருப்பு கழன்றதை உணராமலேயே நாலடி நடந்துவிடுவதுமாக ஆறு மாதங்கள் கழிந்திருந்தன. முதலில் நாங்கள் சென்ற இடத்தில், தொல்லை காலில்தானே என்று இடுப்புப் பகுதிக்கு மட்டும் ஸ்கேன் எழுதினார்கள். வயதுக்குரிய தேய்மானத்தைத் தவிர அதில் எதுவும் தெரியவில்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. அப்பாவின் முழங்காலில் சுத்தியலால் தட்டியதும் கால் வழக்கத்துக்கு மீறித் துள்ளியதைக் கண்ட நரம்பியல் மருத்துவர்தான், கோளாறு இடுப்புக்கு மேலே, தண்டுவடத்தில் இருக்க வேண்டும் என்று கூறி, கழுத்துக்கு விரிவான எம்.ஆர்.ஐ.யும் முதுகெலும்பு முழுவதற்கும் ஒரு மேலோட்டப் பதிவும் கேட்டார்.

மையத்தில் இருப்பது 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) இயந்திரம். உள்ளே அனுப்புவதற்கு முன், பேஸ்மேக்கர் உண்டா, காதில் ஏதேனும் கருவி பொருத்தியிருக்கிறதா, எப்போதாவது கண்ணில் இரும்புத்துகள் பட்டதா என்று தொழில்நுட்பர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்பா இளவயதில் வெல்டிங் பட்டறையில் இருந்தவர் என்பதால் கடைசிக் கேள்வியில் நின்று நிதானமாக விசாரித்தது எனக்கு மிகுந்த நம்பிக்கை அளித்தது. காதடைப்பானும், அவசரமென்றால் அழுத்துவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்கள். ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் முடிந்தது.

படங்களை மருத்துவர் விளக்கியபோதுதான் இந்தப் பரிசோதனையின் அருமை எனக்குப் புரிந்தது. எக்ஸ்-ரேயில் எலும்பின் வரிசையும் தேய்மானமும் தெரியுமே தவிர, தண்டுவடம் தெரியாது. எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்திலோ தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் வெண்மையாகவும் தண்டுவடம் சாம்பல் நிறத்திலும் தெரிகின்றன. அப்பாவின் கழுத்தில் ஐந்தாம், ஆறாம் முள்ளெலும்புகளுக்கு இடையே அந்த வெண்கோடு அறவே மறைந்து, தண்டுவடம் நசுங்கி, அதனுள்ளேயே ஒரு வெளிறிய புள்ளி விழுந்திருந்தது. அந்தப் புள்ளி தண்டுவடமே பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளம் என்றார். கதிரியக்க மருத்துவர் அறிக்கை தட்டச்சாகி வரும்வரை காத்திராமல், அன்று மாலையே எங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருந்தார். இந்த மையத்தைப் பிறருக்குப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒன்றே போதும்.

அழுத்துவது டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு) மட்டும்தானா, அல்லது முள்ளெலும்புகளின் பின்புறத் தசைநாரும் எலும்பாக இறுகிவிட்டதா என்பதை அறிய மறுநாள் அங்கேயே சி.டி. எடுத்தோம். எம்.ஆர்.ஐ.யில் இரண்டுமே கருமையாகத் தெரிவதால் பிரித்தறிவது கடினம். எலும்பைப் பொறுத்தவரை சி.டி.யே தெளிவு. எம்.ஆர்.ஐ.க்கு ஒவ்வாத பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு, முதுகில் ஊசி வழியாக மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. மைலோகிராம் என்ற வழியும் உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். உடை மாற்றும் அறையில் நாற்காலி இல்லை. நடை தள்ளாடும் நோயாளிகளே இந்த ஸ்கேனுக்கு அதிகம் வரும் நிலையில், அப்பா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு உடை மாற்றியதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. படச்சுருளை மட்டும் கொடுத்தார்கள். குறுந்தகட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அறுவை மருத்துவருக்கோ ஒவ்வொரு வெட்டுப்படத்தையும் நகர்த்திப் பார்க்கக் குறுந்தகடுதான் தேவைப்பட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஞாயிற்றுக்கிழமை எம்.ஆர்.ஐ. கிடையாது என்பது. புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்துவதாகச் சந்தேகம் எழுந்து, கால் பலவீனம் போன்ற அறிகுறிகளும் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறது மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டன் அமைப்பான நைஸின் வழிகாட்டுதல். அத்தகைய நோயாளி சனிக்கிழமை இரவில் வந்தால் திங்கள்வரை காத்திருக்க முடியாது. அவரை நேராக, இரவிலும் எம்.ஆர்.ஐ. இயங்கும் பெரிய மருத்துவமனைக்குத்தான் அழைத்துச் செல்ல வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய ஸ்கேனுக்கும் இதே மையத்தில் முன்பதிவு செய்திருக்கிறோம். நாற்காலியைப் பற்றி மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.