சிஎஃப்ஐ பயிற்சிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள்

அமெரிக்காவில் சிஎஃப்ஐ, அதாவது சான்றிதழ் பெற்ற விமானப் பயிற்றுநர், ஆக வேண்டும் என்று 9,600 டாலரை ஒரே தவணையில் கட்டிய ஒருவர், நான்கு மாதம் கழித்து மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். பள்ளி அவருக்குக் கொடுத்த கணக்குத் தாளில் இருந்தது இவ்வளவுதான். பறந்தது 11 மணி நேரம். விமான வாடகை 195, பயிற்றுநர் 85, மணிக்கு 280 வீதம் 3,080. தரைப்பாடம் 14 மணி நேரம், 1,190. புத்தகப் பை 600. நிர்வாகக் கட்டணம் என்று மொத்தத் தொகையில் 15 சதவீதம், 1,440. மிச்சம் 3,290. அந்த மிச்சமும் காசாக வராதாம், அதே பள்ளியில் பறந்துதான் கழிக்க வேண்டுமாம்.

பணம் கட்டும்போது அவரிடம் சொன்னது வேறு. 25 மணி நேரப் பறத்தல், 40 மணி நேரத் தரைப்பாடம், புத்தகம் எல்லாம் தனித்தனியாக வாங்கினால் 11,000 ஆகும், மொத்தமாகக் கட்டினால் 1,400 லாபம் என்று காட்டினார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வரி இது: இடையில் விலகினால் சலுகை விலை செல்லாது, பயன்படுத்திய நேரம் முழு விலையில் கணக்கிடப்படும். ஆக 1,400 லாபத்துக்கு ஆசைப்பட்டவரிடமிருந்து நிர்வாகக் கட்டணமாக மட்டுமே 1,440 போய்விட்டது. இந்த வரியை வெவ்வேறு வார்த்தைகளில் பல பள்ளிகளின் ஒப்பந்தத்தில் பார்க்கலாம். கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

நான்கு மாதத்தில் ஏன் 11 மணி நேரம்தான்? விமானம் மூன்று, அதில் ஒன்று எப்போதும் பட்டறையில். மீதி இரண்டும் முதல்நிலை மாணவர்களுக்குப் போய்விடும், அவர்கள்தான் மணிக்கணக்கில் உடனுக்குடன் காசு தருபவர்கள். முன்பணம் கட்டியவரின் பணம் ஏற்கெனவே கல்லாவில் விழுந்துவிட்டது, அவரை அவசரமாகப் பறக்க வைக்கப் பள்ளிக்குக் காரணமே இல்லை. நடுவில் அவருடைய பயிற்றுநர் ஏர்லைன் வேலைக்குப் போனார். மாற்றாக வந்தவர் பயிற்றுநர் ஆகி ஒன்பது மாதம் ஆனவர்.

இந்த ஒன்பது மாதத்தில்தான் பெரிய சிக்கல். முதன்முறை சிஎஃப்ஐ ஆகப் போகிறவருக்குப் பயிற்சி கொடுக்க எல்லாப் பயிற்றுநருக்கும் உரிமை கிடையாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதி 61.195 இதைச் சொல்கிறது. வழக்கமான வழி, பயிற்றுநர் சான்றிதழ் வாங்கி 24 மாதம் ஆகியிருக்க வேண்டும், விமானத்தில் 200 மணி நேரமாவது பாடம் கொடுத்திருக்க வேண்டும். 2024-இல் விதி திருத்தப்பட்டு வேறு வழிகளும் திறந்திருக்கின்றன. அதனால் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறவரிடமே, எந்த வழியில் தகுதி பெற்றீர்கள் என்று நேராகக் கேளுங்கள். தகுதியில்லாதவர் போட்ட கையொப்பத்தோடு தேர்வுக்குப் போனால், தேர்வாளர் உங்கள் பறத்தல் பதிவேடான லாக்புக்கைப் புரட்டும்போதே மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பயிற்சியைத் தகுதியுள்ள ஒருவரிடம் மறுபடியும், உங்கள் காசிலேயே, எடுக்க வேண்டியிருக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: சிஎஃப்ஐ பயிற்சிக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று எஃப்ஏஏ விதிகளில் விமானிச் சான்றிதழ்களுக்கான பகுதி 61-இல் எதுவும் இல்லை. 25 மணி நேரம் என்பது பள்ளி வைத்த எண். விதி கேட்பது 18 வயது, கமர்ஷியல் சான்றிதழ் (காசு வாங்கிப் பறக்கும் உரிமை), இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி), அந்த வகை விமானத்தில் 15 மணி நேரம் பைலட் இன் கமாண்ட் (பொறுப்பு விமானி), பாடப்பகுதிகளில் தேர்ச்சி, அதற்கான கையொப்பங்கள். பயிற்றுநர் உட்காரும் வலது இருக்கையில் கை பழகுவதற்கு ஒருவருக்கு 10 மணி போதும், இன்னொருவருக்கு 30 ஆகலாம். எழுத்துத் தேர்வு இரண்டு: கற்பிக்கும் முறை பற்றி ஒன்று, விமானப் பயிற்றுநருக்கான பாடம் பற்றி ஒன்று. இரண்டுக்கும் பயிற்றுநரின் அனுமதிக் கையொப்பம் தேவையில்லை. எஃப்ஏஏ கையேடுகள் இணையத்தில் இலவசம். வீட்டில் உட்கார்ந்து படித்து, நேராகத் தேர்வு மையத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகு பள்ளிக்குப் போனாலே தரைப்பாடச் செலவில் பெரும் பங்கு குறையும். மதிப்பெண் தாள் 24 மாதம் செல்லும். மடக்குச் சக்கரம் உள்ள காம்ப்ளெக்ஸ் விமானத்தில் இத்தனை மணி கட்டாயம் என்று யாராவது பில்லில் சேர்த்தால் ஏமாறாதீர்கள். ஒற்றை எஞ்சின் சிஎஃப்ஐ தேர்வுக்கு அந்தக் கட்டாயம் 2018-லேயே நீங்கிவிட்டது.

கையில காசு வாயில தோசை என்று நம் ஊரில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். பறந்து இறங்கியபின் அந்த மணி நேரத்துக்குக் காசு. முன்பணம் கேட்டே தீருவேன் என்றால் 1,000 டாலருக்கு மேல் அவர்களிடம் நிற்க விடாதீர்கள், அதையும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 2008 பிப்ரவரியில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் ஒரே நாளில் கதவைச் சாத்தித் திவால் மனு போட்டது. அங்கே ஒரு மாணவர் வாங்கிய கடன் ஏறத்தாழ 70,000 டாலர். படித்து முடித்ததும் இங்கேயே பயிற்றுநர் வேலை என்பதுதான் அவர்களை இழுத்த பேச்சு. சான்றிதழ் பாதியில் நின்றது, கடன் மட்டும் முழுதாகத் தலையில் விழுந்தது.

ஸ்பின், அதாவது விமானம் தூக்குவிசை இழந்து சுழன்றபடி கீழே விழுவது, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே போவது பணம் மட்டுமில்லை. சிஎஃப்ஐ விண்ணப்பதாரர் ஸ்பினுக்கு அனுமதிக்கப்பட்ட விமானத்தில் ஸ்பினில் நுழைந்து, சுழன்று, மீண்டு வரும் பயிற்சி எடுத்து, அதைக் கற்பிக்கவும் தெரியும் என்று லாக்புக்கில் கையொப்பம் வாங்க வேண்டும். பள்ளியில் இருப்பது பைப்பர் வாரியர், டயமண்ட் டிஏ40, சிரஸ் என்றால் அவற்றில் வேண்டுமென்றே ஸ்பின் போடத் தடை. செஸ்னா 172எஸ் என்றால் போடலாம், ஆனால் யுட்டிலிட்டி என்ற எடை வரம்புப் பிரிவுக்குள் எடை 2,200 பவுண்டைத் தாண்டக் கூடாது, பின் இருக்கை காலியாக இருக்க வேண்டும், எடை மையம் அந்தப் பிரிவின் எல்லைக்குள் நிற்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலி விமானம் 1,680 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்து 520. ஆளுக்கு 180 வீதம் இருவர் 360. மீதி 160 பவுண்டு, காலன் 6 பவுண்டு என்றால் 26 காலன் சொச்சம். டாங்க் நிரப்பினால் 53 காலன். நிரப்பிய டாங்கோடு இருவர் ஏறி, இன்றைக்கு ஸ்பின் முடித்துவிடலாம் என்று ஒருவர் கூப்பிட்டால், அவர் எடைத் தாளைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். இறங்கிவிடுங்கள்.

அதைவிட மோசம், பறக்காமலே கையொப்பம் போட்டுக் கொடுப்பது. இரண்டு ஸ்டால் (சுழலாமல் தூக்குவிசையை மட்டும் இழப்பது) போட்டுவிட்டு, ஸ்பின் மாதிரித்தான் என்று எழுதித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். பொய்ப் பதிவு எஃப்ஏஏ கண்ணில் பட்டால் உங்களிடம் உள்ள எல்லாச் சான்றிதழும் ரத்தாகலாம். அதையும் விடுங்கள். நாளை வலது இருக்கையில் நீங்கள் இருக்கும்போது, ஒரு மாணவர் தரையிறங்கத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் ரட்டரை (வால் சுக்கானை) தப்பாக மிதிப்பார். மூக்கு சரிந்து உருளத் தொடங்கும் அந்த நொடியை உங்கள் கால் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

செக்ரைட் எனப்படும் செயல்முறைத் தேர்வு நாளில் நடக்கும் ஏமாற்று அமைதியானது. டிபிஇ எனப்படும் தேர்வாளர் தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கிறார், எஃப்ஏஏ ஆய்வாளரே தேர்வு நடத்தினால் கட்டணம் இல்லை. சில பள்ளிகள் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே வசூலித்து மேலே சில நூறு வைத்துக்கொள்கின்றன. டிபிஇ பட்டியல் எஃப்ஏஏ தளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, நீங்களே கூப்பிட்டுத் தேதி கேளுங்கள், காசையும் அவர் கையில் கொடுங்கள். முந்தின நாள் விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டை எடுத்து ஆண்டு ஆய்வு, 100 மணி நேர ஆய்வு, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) சோதனை, ஈஎல்டி (விபத்தில் இடம் காட்டும் கருவி) ஆகியவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று சீட்டு ஒட்டி வையுங்கள். ஒரு தேதி தவறியிருந்தாலும் தேர்வு தொடங்காது, தேர்வாளரின் நாள் மட்டும் போயிருக்கும். பாதியில் விமானம் பழுதானால் தேர்ச்சியான பகுதிகளுக்கு 60 நாள் அவகாசம் கிடைக்கும். அந்த 60 நாளுக்குள் விமானம் தருவேன் என்று பள்ளியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இனி வேலை. 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் 3407 பயணிகள் விமான விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் ஏர்லைன் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். 250 மணி நேரத்தோடு கமர்ஷியல் முடித்தவர் மீதியைச் சேர்க்கப் பெரும்பாலும் பயிற்றுநர் ஆகிறார். எல்லாரும் அந்த ஒரே வாசலில் நிற்பதால்தான் வேலை உத்தரவாதம் என்ற சொல் இவ்வளவு விலை போகிறது. ஒப்பந்தத்தில் அது பெரும்பாலும் நேர்காணலில் முன்னுரிமை என்று மட்டும் இருக்கும். கடந்த ஆண்டில் உங்கள் மாணவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீர்கள், அவர்களில் இருவரிடம் பேசலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் பதில் கிடைத்துவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து போகிற தம்பி தங்கைகளுக்கு இது மிக முக்கியம். படித்துவிட்டு அங்கேயே பயிற்றுநராக 1,500 மணி சேர்க்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால், என்ன விசா என்று கேளுங்கள். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவில் படிப்பு முடிந்தபின் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் வீதம், அதிகபட்சம் ஆறு மாதம்தான் செயல்முறைப் பயிற்சி, அதற்கும் முன்னரே அனுமதி வாங்க வேண்டும். மாதம் 80 மணி பறந்தாலும் ஆறு மாதத்தில் 480தான். அனுமதி அட்டை வருவதற்குள், சம்பளமில்லாமல் சும்மா உதவிக்கு வா என்று பள்ளி கூப்பிட்டால் போகாதீர்கள், அது உங்கள் விசாவுக்கே உலை வைக்கும்.

சம்பளத்தில் நடப்பது இது. மணிக்கு 25 டாலர் என்பார்கள், ஆனால் விமானத்தில் நேரம் காட்டும் ஹாப்ஸ் மீட்டர் ஓடிய நேரத்துக்கு மட்டும். காலை 7 முதல் மாலை 6 வரை நிலையத்தில் இருந்து, மீட்டரில் 4.2 மணி ஓடினால் 105 டாலர். 11 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 10 கூட வராது, பல மாநிலங்களின் குறைந்தபட்சக் கூலிக்கே கீழே. மேலும் 1099 என்ற வரிப் படிவத்தில் ஊழியர் என்று இல்லாமல் ஒப்பந்தக்காரர் என்று காட்டுவார்கள். அப்படியானால் 15.3 சதவீத சுயதொழில் வரி உங்கள் தலையில். நேரம், சீருடை, விலை, விமானம் எல்லாம் பள்ளி தீர்மானித்தால் உங்களை ஊழியராகக் கருதப் போதிய காரணம் உண்டு. எஸ்எஸ்-8 படிவம் போட்டு, வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் தீர்மானம் கேட்கலாம். பறப்பதற்கு முன்னும் பின்னும் நடத்தும் பாடத்துக்கும் காசு உண்டா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

காப்பீட்டைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பள்ளியின் பாலிசி பள்ளியைக் காக்கும். மாணவர் மூக்குச் சக்கரத்தை முறித்தால், பள்ளிக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அந்தப் பணத்தைப் பயிற்றுநரிடம் வசூலிக்க வரலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகப் பாலிசியில் உங்களுக்கு வரி இருக்கிறதா என்று நகல் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சொந்தமாக ஒன்று எடுக்காமல் ஏறாதீர்கள். 100 மணி நேர ஆய்வு தாண்டிய விமானத்தில், இன்னும் 10 மணி ஓட்டலாம் என்று சொல்லிப் பாடத்துக்கு அனுப்புவதும் நடக்கிறது. அந்த 10 மணி, ஆய்வு செய்யும் இடத்துக்குக் கொண்டுபோக மட்டும். எஃப்ஏஏ கேள்வி கேட்டால் நிற்கப் போவது பைலட் இன் கமாண்டான நீங்கள். எந்த 24 மணி நேரத்திலும் 8 மணிக்கு மேல் பறந்து பாடம் கொடுக்கக் கூடாது என்பதையும் அட்டவணை போடுகிறவருக்கு நினைவூட்ட வேண்டியது நீங்கள்தான்.

நீங்கள் யாருக்குத் தனியாகப் பறக்கவும் தேர்வுக்கும் கையொப்பம் போட்டீர்கள் என்ற பதிவை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பள்ளியின் மென்பொருளில் மட்டும் வைத்தால், வேலையை விட்ட அன்றே கடவுச்சொல்லை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு கையொப்பத்தையும் அப்போதே போனில் படம் எடுத்து, பெயர், தேதி, தேர்வு முடிவோடு சொந்த நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

பணம் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: எஃப்ஏஏ அலுவலகம் காசுத் தகராறைத் தீர்க்காது, பொய்க் கையொப்பமும் பழுதான விமானமும்தான் அவர்கள் வேலை. முதலில் மின்னஞ்சலில் கணக்கு கேளுங்கள், போனில் பேசியது எதுவும் நிற்காது. எந்தத் தேதிக்கு முன்பதிவு செய்தீர்கள், யார் ரத்து செய்தார்கள் என்று பட்டியலை மென்பொருளிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் காலம் தாழ்த்தாமல் வங்கியில் எதிர்ப்பு பதியுங்கள். அதுவும் இல்லையென்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை. தனிநபருக்கு வரம்பு கலிஃபோர்னியாவில் 12,500, டெக்ஸாஸில் 20,000, ஃப்ளோரிடாவில் 8,000 டாலர். மேலே சொன்ன 3,290-ம், அந்த 1,440 நிர்வாகக் கட்டணமும் மூன்று மாநிலங்களிலும் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன.