மீட்புப் புள்ளியையும் துடைத்துவிட்ட கிளீனர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கணினியைத் துப்புரவாக்கும் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் பல ஆண்டுகள் பயன்படுத்தினேன். இப்போது அதை நீக்கிவிட்டேன். பெயரைக் குறிப்பிடவில்லை, நான் சொல்லப்போகும் சிக்கல் அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதும் அன்று. இந்த வகை மென்பொருள்கள் பலவற்றில் இரண்டு வசதிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய மீட்புப் புள்ளிகளை, அதாவது கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் குறித்துவைப்பவற்றை, அழிப்பது. மற்றது, கணினியை வேகமாக்குவதாகச் சொல்லி விண்டோஸின் பின்னணிச் சேவைகளை நிறுத்திவைப்பது. இரண்டும் சேர்ந்துவிட்டால், கணினி பழுதுபடும் நாளில், அந்தப் புள்ளிக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் வசதி கைகொடுக்காது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அதிலிருந்து மீண்ட வழி பலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இலங்கையின் மட்டக்களப்பில் உள்ள கல்லடியில் தட்டச்சும் அச்சு வடிவமைப்பும் என் தொழில். கோயில் மகோற்சவ விஞ்ஞாபனம், திருமண அழைப்பிதழ், பாடசாலை வினாத்தாள், 31ஆம் நாள் நினைவு மலர் என்று எல்லாம் வரும். பழைய கோப்புகளில் பெரும்பாலானவை பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில், பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். இவ்வளவு பழையதை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். ஒரு குடும்பம் தாத்தாவுக்கு அடித்த நினைவு மலரைக் கொண்டுவந்து, அதே அமைப்பில் பாட்டிக்கும் வேண்டும் என்று கேட்கும்போது அந்தக் கோப்பு திறக்க வேண்டும். அதற்காகத்தான்.

மடிக்கணினியில் இருப்பது 128 ஜிபி எஸ்எஸ்டி. பெரியது வாங்க நினைத்திருந்த வேளையில் 2022 வந்துவிட்டது. ரூபாய் விழுந்தது, உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது, மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. இருக்கும் இடத்தைச் சுருக்கிப் பாவிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கிளீனர் வாங்கியதன் காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் பலர் வாங்கியதும் இதனால்தான்.

நல்லதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. உலாவிகள் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள், விண்டோஸ் புதுப்பிப்புகளின் மிச்சங்கள், அச்சுப்பொறி மென்பொருள் விட்டுச்செல்லும் பழைய நிறுவல் பொதிகள் ஆகியவற்றை அது ஒழுங்காகக் கண்டுபிடித்து அகற்றியது. கணினி தொடங்கும்போது தானாகத் திறப்பவற்றின் பட்டியலை ஒரே இடத்தில் காட்டியது. சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் சில ஜிபி இடத்தை மீட்டுத் தந்தது. இந்த அளவோடு அது நின்றிருந்தால் இன்றும் என் கணினியில் இருந்திருக்கும்.

சிக்கல் ரெஜிஸ்ட்ரி துப்புரவில் தொடங்கியது. விண்டோஸும் மென்பொருள்களும் தம் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம்தான் ரெஜிஸ்ட்ரி. என் தமிழ் எழுத்துருக்களின் முழுத் தொகுப்பும் வெளிப்புற வன்தட்டில் இருக்கிறது. எழுத்துருவை சி டிரைவுக்குள் பிரதி எடுக்காமல், இருக்கும் இடத்திலிருந்தே குறுக்குவழியாக நிறுவ விண்டோஸ் இடம் தருகிறது. இடம் குறைந்த கணினிக்கு அது அருமையான வசதி. ஆனால் வன்தட்டைச் செருகாத ஒரு வேளையில் கிளீனர் தன் தானியங்கிச் சுற்றை ஓட்டியிருக்கிறது. பதிவில் பெயர் இருக்கிறது, கோப்பைக் காணவில்லை. ஆகவே இது செத்த பதிவு என்று முடிவுகட்டி நீக்கிவிட்டது. அத்தோடு பேஜ்மேக்கரின் பதிவுகளிலும் கைவைத்துவிட்டது.

ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தை ஒட்டி அமிர்தகழிப் பக்கத்திலிருந்து அச்சு வேலை குவியும் காலம் அது. பழைய வேர்ட் கோப்பு ஒன்றைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும், ஒவ்வொரு மெய்யெழுத்தும் வரவேண்டிய இடத்தில் ஓர் அரைப்புள்ளியுமாகப் பக்கம் முழுவதும் நிறைந்திருந்தது. பாமினி யூனிகோட் அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துரு. அது இல்லாவிட்டால் அடியில் உள்ள ஆங்கிலம் அப்படியே வெளியே தெரியும். புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளி என்பதால் அந்தக் கோலம். எழுத்துருக்களையாவது மீண்டும் நிறுவலாம். பேஜ்மேக்கர் திறக்கவே இல்லை. நிறுவல் சீடியோ கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. கணினியை ஒரு வாரம் பின்னுக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்தேன்.

மீட்புப் புள்ளி என்பது முழுப் பிரதி அன்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2000இல் வந்த விண்டோஸ் எம்இ காலத்திலிருந்து சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கிறது. விஸ்டாவிலிருந்து அது வால்யூம் ஷேடோ காப்பி என்ற சேவையின் மேல் நிற்கிறது. புள்ளி உருவாகும் கணத்தில் எதுவும் பெரிதாகப் பிரதி எடுக்கப்படுவதில்லை. அதன் பிறகு வட்டில் ஒரு பகுதி மாறப்போகும்போது, மாறும் முன் இருந்த உள்ளடக்கம் ஒதுக்கிய இடத்தில் எடுத்துவைக்கப்படுகிறது. அந்த இடம் நிரம்பினால், அல்லது வட்டில் இடம் நெருங்கினால், மிகப் பழைய புள்ளி முதலில் போய்விடும். இவ்வளவும் அதே வட்டில்தான் கிடக்கிறது என்பதால் வட்டு செத்தால் புள்ளியும் சாகும்.

முதலில் வந்த பிழை எண் 81000203. சிஸ்டம் புரொடெக்‌ஷன் என்ற, மீட்புப் புள்ளிகளை நிர்வகிக்கும் பக்கத்தையே அது திறக்க விடவில்லை. இந்த எண் வந்தால் பதற்றப்படத் தேவையில்லை. பெரும்பாலும் சேவைகள் முடக்கப்பட்டிருப்பதைத்தான் அது காட்டுகிறது. சர்விசஸ் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வால்யூம் ஷேடோ காப்பியும், மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் ஷேடோ காப்பி புரொவைடரும் ‘டிசேபிள்ட்’ நிலையில் இருந்தன. கிளீனரின் வேகமூட்டும் முறை செய்த வேலை. இரண்டையும் ‘மேனுவல்’ நிலைக்கு மாற்றினேன்; டாஸ்க் ஷெட்யூலர் ‘ஆட்டோமேட்டிக்’ நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். கணினியை மறுபடி தொடங்கியதும் பக்கம் திறந்தது.

திறந்த பட்டியலில் ஒரே ஒரு புள்ளி. மற்றவற்றைக் கிளீனர் ‘பழைய மீட்புத் தரவு’ என்ற வகையில் குப்பையாகக் கணக்கிட்டு அழித்திருந்தது. அந்தப் பெட்டியில் சரி அடையாளம் இயல்பிலேயே இடப்பட்டிருந்தது என்பதுதான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. முற்றம் கூட்ட வந்தவர் பெட்டிக்குள் இருந்த காணி உறுதியையும் குப்பையோடு அள்ளிக்கொண்டு போனதற்கு ஒப்பான வேலை இது. விண்டோஸின் சொந்த டிஸ்க் கிளீன்அப்பிலும் புள்ளிகளை அழிக்கும் பொத்தான் இருக்கிறது. ஆனால் அது தனிப் பக்கத்தில் இருக்கிறது, கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறது, கடைசிப் புள்ளியை விட்டுவைக்கிறது.

மிஞ்சிய புள்ளி ரெஜிஸ்ட்ரி துப்புரவுக்கு முந்தியது. அது மட்டும்தான் ஆறுதல். அதை இயக்கினேன். கணினி நின்று, தொடங்கி, நீண்ட நேரம் சுற்றிய பிறகு ‘ரீஸ்டோர் வெற்றிகரமாக முடியவில்லை, உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் மாற்றப்படவில்லை’ என்ற செய்தியைக் காட்டியது. பிழை எண் 80070005. ஒரு கோப்பை அணுக முடியவில்லை, வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் காரணமாக இருக்கலாம் என்று செய்தியே சொல்கிறது. அந்த வழிகாட்டல் உண்மையானது, மதித்துச் செய்ய வேண்டியது. வைரஸ் எதிர்ப்பை நிறுத்தி மறுபடி கொடுத்தேன். இந்த முறை மீட்புப் புள்ளியிலிருந்து ஒரு கோப்பைப் பிரித்தெடுக்க முடியவில்லை என்று நின்றது.

அடுத்து ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, மீட்புச் சூழலுக்குள் போய் அங்கிருந்து இயக்கிப் பார்த்தேன். வழக்கமான விண்டோஸ் ஓடாத இடம் என்பதால் கோப்புகள் பூட்டுப்பட்டிருக்காது. பலருக்கு இங்கே வெற்றி கிடைக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லை. இங்கிருந்து செய்யும் ரீஸ்டோரைப் பின்னர் திரும்பப் பெற முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மின்சாரம் நிலையில்லாத ஊரில் இருப்பவர்கள் மடிக்கணினியின் பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் இதில் இறங்கவே வேண்டாம். பாதியில் நின்றால் விண்டோஸ் தொடங்காமலே போகலாம்.

ரெஜிஸ்ட்ரியின் தானியங்கிப் பிரதி ‘ரெக்பேக்’ என்ற கோப்புறையில் இருக்கும் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. திறந்தால் கோப்புகள் இருந்தன, ஒவ்வொன்றின் அளவும் 0 கேபி. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்தப் பிரதியெடுப்பை நிறுத்திவிட்டது. அந்தக் குறிப்புகளை நம்பி இதில் நேரம் செலவிட வேண்டாம்.

இந்த நிலையில்தான் காத்தான்குடியில் கணினி திருத்தும் தம்பியிடம் கொண்டுபோனேன். நடந்ததைக் கேட்டவர் திரையைப் பார்க்கும் முன்னரே, “அண்ணன், இதற்குமேல் ரீஸ்டோர் கொடுக்க வேண்டாம். புள்ளி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நமக்கு வேண்டியதை மட்டும் உள்ளே போய் எடுப்போம்” என்றார். அந்த வார்த்தைக்குள்தான் தீர்வு இருந்தது. ரீஸ்டோர் தோற்பதும் புள்ளி கெட்டுப்போவதும் ஒன்றல்ல. ஒரே ஒரு கோப்பில் தடுக்கினாலும் ரீஸ்டோர் முழுவதையும் கைவிட்டுவிடுகிறது. மற்றவை எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கலாம்.

முதல் வேலையாகக் கிளீனரின் எல்லாத் தானியங்கிச் சுற்றுகளையும் நிறுத்தினார். விண்டோஸ் புதுப்பிப்பையும் இடைநிறுத்தினார். பெரிய புதுப்பிப்பு ஒன்று இறங்கினால் இடம் நெருங்கி அந்தக் கடைசிப் புள்ளியும் தள்ளுண்டு போகும். என் வேலைக் கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றினார். பிறகு ஷேடோ எக்ஸ்ப்ளோரர் என்ற இலவசக் கருவியைத் திறந்தார். மேலே டிரைவின் பெயர், பக்கத்தில் திகதி. திகதியைத் தேர்ந்ததும் அன்றைய சி டிரைவ் கோப்புறை கோப்புறையாக விரிந்தது. விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் ‘சாஃப்ட்வேர்’ என்ற பெயரில் பின்னொட்டு இல்லாத ஒரு கோப்பு. அதுதான் அன்றைய ரெஜிஸ்ட்ரியின் பெரும்பகுதி. அதை வெளியே பிரதி எடுத்தார்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ‘லோட் ஹைவ்’ மூலம் அந்தக் கோப்பை வேறொரு பெயரில் ஏற்றினார். இப்போது பழையதும் புதியதும் ஒரே சாளரத்தில். எழுத்துருக்களுக்கான பகுதியைப் பழையதில் திறந்தபோது பாமினியும் மற்றத் தமிழ் எழுத்துருக்களும் வன்தட்டின் முகவரியோடு வரிசையாக நின்றன. புதியதில் அந்த வரிகள் இல்லை. அந்தப் பகுதியையும் பேஜ்மேக்கருக்கு உரியவற்றையும் மட்டும் ஏற்றுமதி செய்தார். ஏற்றுமதியான கோப்பில் முகவரி அந்தத் தற்காலிகப் பெயரைத் தாங்கியிருக்கும். நோட்பேடில் திறந்து அதை ‘சாஃப்ட்வேர்’ என்று மாற்றிய பின்தான் இறக்குமதி செய்ய வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிடுபவர்கள்தான் செய்தும் பலனில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் ஏற்றிய ஹைவை இறக்கிவிட்டு, வன்தட்டைச் செருகிக் கணினியைத் தொடங்கினார். பேஜ்மேக்கர் திறந்தது. நினைவு மலரில் தமிழ் வந்தது. இந்தத் திறமைக்கு அந்தத் தம்பி கேட்ட கூலி மிகக் குறைவு, கூட்டிக் கொடுத்தேன்.

பிறகு டிஸ்ம் கட்டளையும் எஸ்எஃப்சி கட்டளையும் ஓட்டி விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்தோம். அதில் விரிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ரெஜிஸ்ட்ரி துப்புரவு பற்றி என் முடிவு உறுதியானது: அதைத் தொடவே வேண்டாம். சில ஆயிரம் வரிகளை நீக்குவதால் இன்றைய கணினியில் கண்டுணரக்கூடிய வேகம் எதுவும் வருவதில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. இவ்வகை மென்பொருள்கள் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடுகின்றன என்பதையும் எண்ண வேண்டும். 2017இல் உலகெங்கும் பாவனையில் இருந்த சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் தாக்குதல்காரர்கள் தீநிரலை நுழைத்தார்கள். ஏறத்தாழ 22 இலட்சம் கணினிகளில் அது போய்ச் சேர்ந்தது. நான் பாவித்தது அது அன்று. ஆனால் கணினியின் எல்லாச் சாவிகளையும் வைத்திருக்கும் எந்த மென்பொருளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இப்போது இடத்தைப் பராமரிக்க விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் எனக்குப் போதும். மீட்புப் புள்ளிகளுக்கு வட்டில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்கியிருக்கிறேன். விண்டோஸ் 11இல் 2025 ஜூன் புதுப்பிப்புக்குப் பின் புள்ளிகள் 60 நாள்கள் வரைதான் நிற்கும் என்பதால் அவற்றை மட்டும் நம்புவதில்லை. கன்ட்ரோல் பேனலில் இருக்கும் பழைய கருவியால் முழு வட்டின் இமேஜையும் வெளிப்புற வன்தட்டில் எடுத்துவைக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2017இலேயே அந்தக் கருவியைக் கைவிடப்படுபவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் வேலை செய்கிறது.

உங்கள் கிளீனரை நீக்க நினைத்தால் உடனே அன்இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். அது நிறுத்திவைத்த சேவைகள், அது போன பின்னரும் நின்றபடியே இருக்கும். முதலில் அதன் உள்ளே போய் வேகமூட்டும் முறையை அணையுங்கள், பிறகு நீக்குங்கள். அடுத்து சர்விசஸ் பட்டியலில் அந்த இரண்டு ஷேடோ காப்பி சேவைகளும் ‘மேனுவல்’ நிலையில் இருக்கின்றனவா, டாஸ்க் ஷெட்யூலரில் அதன் பெயரில் எதுவும் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் கையாலேயே ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்கி, இன்றைய திகதியோடு அது பட்டியலில் வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.