தந்தத்துக்குப் பதில் எலும்பா, ரெசினா? பழைய பாணிக் கைத்துப்பாக்கிக்கு நான் தேர்ந்தெடுத்தது

பழைய பாணியில் ஒரு பிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும்) கைத்துப்பாக்கிக்குக் கட்டை செதுக்கி முடித்தபோது மூன்று இடங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. கைப்பிடியின் அடியில் வரும் மூடி, வெடிமருந்தையும் குண்டையும் குழலுக்குள் இடிக்கும் கோலின் நுனி, விசைக்கு எதிர்ப்பக்கம் மரத்தில் பதிக்கும் மெல்லிய தகடுகள். அந்தக் காலத்தில் வசதியானவர்கள் கேட்டிருந்தால் மூன்றுமே தந்தத்தில் போயிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் கட்டை முழுவதையுமே தந்தத்தில் செதுக்கிய கைத்துப்பாக்கிகள் செய்தார்கள்.

இன்று தந்தம் வேண்டாம். 1989இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் நாடுகள் யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை போட முடிவெடுத்தன. பழைய தந்தம் என்றாலும் எல்லை தாண்டும்போது ஆவணம் கேட்பார்கள். அதைவிட, ஒரு கைப்பிடி மூடிக்காக யானையின் பல் எதற்கு? அந்தப் பேச்சை அதோடு விடுகிறேன்.

மாற்றுகளில் சிலவற்றைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். செல்லுலாய்டு பார்க்கத் தந்தம் போலவே இருக்கும், வரிகூட வரும். ஆனால் அது நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸ். தீப்பொறி பறக்கும் மருந்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைப்பது பைத்தியக்காரத்தனம். வயதாக ஆக அமில ஆவியும் விடும், பக்கத்தில் இருக்கும் இரும்பு அரித்துப்போகும். தாகுவா என்னும் தென்னமெரிக்கப் பனை விதை கடைய அருமையானது. ஆனால் கோழிமுட்டை அளவுதான் கிடைக்கும், உள்ளே பொள்ளல் இருக்கும், ஈரம் பட்டால் இளகும். ஒரே ஒரு முறைதான் அதில் வேலை செய்திருக்கிறேன். நுனிக்கு எடுத்த துண்டு நடுவில் வெடித்திருந்தது, அதற்குமேல் முயலவில்லை. காகித அடுக்குகளை ரெசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் காகித மைகார்ட்டா உறுதியில் எல்லாவற்றையும் மிஞ்சும். பெரிய கைப்பிடித் தகடு வேண்டுமென்றால் அதைப் பாருங்கள். என் கண்ணுக்கு அதில் உயிர் இல்லை, அவ்வளவுதான்.

ஆக மிஞ்சியது இரண்டு: தந்த வரி தெரியும்படி வார்த்த பாலியெஸ்டர் ரெசின் என்னும் செயற்கைப் பிசின், அப்புறம் மாட்டின் கால் எலும்பு.

ரெசினைக் குறை சொல்ல மாட்டேன். வேண்டிய பருமனில் கட்டியாகக் கிடைக்கும். நிறம் ஒரே சீராக இருக்கும், எண்ணெய் ஏறாது. லேத்தில் வேகத்தைக் குறைத்து, வெட்டும் முனையைக் கூராக வைத்தால் சுத்தமாகக் கடையும். சூடேறினால் மட்டும் மொழுமொழுவென்று இழுத்துக்கொண்டு நாற்றம் எடுக்கும். சரி, அதைச் சமாளிக்கலாம். என்னால் ஏற்க முடியாதது அதன் மெருகு. உப்புத்தாளில் எவ்வளவு நுணுக்கமாகத் தேய்த்தாலும் பளபளப்பு மேலே மட்டும் நிற்கிறது. எலும்பைத் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து வெளிச்சம் வருவது போல ஒரு மினுமினுப்பு வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை தானாக எலும்பைத்தான் எடுக்கும்.

இன்னொன்று. எலும்பு இந்த வேலைக்கு வந்தது தந்தம் கிடைக்காததால் மட்டும் அல்ல. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஜெர்மானியச் சக்கர விசைத் துப்பாக்கிகளை (சுழலும் சக்கரம் உரசிப் பொறி எழுப்புபவை) பாருங்கள். மான் கொம்பையும் எலும்பையும் மரத்தில் பதித்து, அதில் வேட்டைக் காட்சிகளைக் கீறி, கீறலில் கருப்பு தேய்த்து நிரப்பியிருப்பார்கள். எலும்புக்கு அங்கே சொந்த இடம் இருந்தது.

ஆனால் எலும்பை எடுப்பதா வேண்டாமா என்பதை ஒரே ஒரு விஷயம் முடிவு செய்துவிடும்: உள்ளே இருக்கும் கொழுப்பு. வெள்ளையாகத் தெரிகிறதே என்று நம்பி ஒட்டிவிட்டால், சில மாதம் கழித்து மஞ்சள் திட்டு மேலே வரும். அதற்குள் பசையும் பிடி விட்டிருக்கும். என் முதல் தகடுகள் இரண்டும் அப்படித்தான் போயின. கழன்று வந்த தகட்டின் பின்பக்கம் விரலில் வழுக்கியது, எபாக்ஸிப் பசை மரத்தோடு தங்கிவிட்டது. பழைய எலும்புச் சாமான்களில் திட்டுத்திட்டாகத் தெரியும் மஞ்சளுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது நான் செய்வது இது. முதலில் எலும்பை நெடுக அறுத்து, மஜ்ஜையையும் உள்பக்கக் கடற்பஞ்சு போன்ற பகுதியையும் முழுக்கச் சுரண்டி எடுக்கிறேன். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில், கொதிக்க விடாமல், வெதுவெதுப்பான சூட்டில் ஊறப் போடுகிறேன். கொதிக்க விட்டால் கொழுப்பு இன்னும் உள்ளே போகும், எலும்பும் நொறுங்கும். தண்ணீர் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். இது நாள் கணக்கு அல்ல, வாரக் கணக்கு. கடைசியில் மெல்லிய துண்டுகளாக அறுத்து, காற்றோட்டமான இடத்தில், தீ எதுவும் அருகில் இல்லாமல், மூடிய பாட்டிலில் அசிட்டோனில் ஊற வைக்கிறேன். வெளுப்பு வேண்டுமென்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள், அது எலும்பின் புரதத்தைத் தின்றுவிடும், சுண்ணாம்புபோல் உதிரும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. காய்ந்த துண்டை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். கொழுப்பு இருக்கும் இடம் எண்ணெய் பட்ட காகிதம்போல ஒளி ஊடுருவி மங்கலாகத் தெரியும். அப்படி ஒரு பொட்டு தெரிந்தாலும் திரும்ப ஊறப் போட வேண்டியதுதான். பொறுமை இல்லாதவர்களுக்கு ரெசின்தான் சரி, இதை மனதாரச் சொல்கிறேன்.

சுட்ட பிறகான பராமரிப்பும் இங்கேதான் வந்து முட்டுகிறது. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே குழலைச் சுடுநீரில் கழுவியாக வேண்டும். கட்டையிலிருந்து குழலைக் கழற்றாமல் கழுவினால் கரித்தண்ணீர் தொடுதுளை (மருந்துக் கிண்ணத்தின் தீ குழலுக்குள் போகும் சிறு துளை) வழியே மரத்தில் வடியும். எலும்பில் ரத்தக்குழாய் ஓடிய நுண்துளைகள் உண்டு, அந்தக் கரி அவற்றில் ஏறும். அதனால் தகடுகளைத் தொடுதுளைக்கு எதிர்ப்பக்கம் பதித்தேன், மேலே மெழுகு தேய்த்து வைத்தேன். ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, மறுபடி மெழுகு. ரெசினுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை, ஒரு துடைப்போடு முடிந்தது.

மரம் பருவத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும், எலும்பு அந்த அளவுக்கு அசையாது. நாரின் குறுக்கே நீளமான ஒரே தகடு வைத்தால் வெடிக்கும் அல்லது கழன்று வரும். சிறு சிறு துண்டுகளாக வைத்தேன். பின்பக்கத்தை அரத்தால் கீறி, அசிட்டோனால் துடைத்து, எபாக்ஸி போட்டேன். இரண்டு மழைக்காலம் தாண்டியும் நிற்கின்றன. பத்து வருடம் நிற்குமா என்று கேட்டால், என் அனுபவம் அவ்வளவு தூரம் போகவில்லை.

அடிமூடிக்கு மட்டும் ரெசினுக்குப் போனேன். மாட்டுக்கால் எலும்பின் சுவர் ஒரு சென்டிமீட்டர் கிடைத்தாலே அதிர்ஷ்டம், உருண்டையான மூடிக்கு அது போதாது. துண்டுகளை ஒட்டிச் செய்யலாம், ஒட்டுக்கோடு தெரியும். எதைத் தேய்த்தாலும் முகக்கவசம் போடுங்கள். எலும்புத் தூளும் ரெசின் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. ஈர உப்புத்தாள் நல்லது.

விற்கும் எண்ணம் இருந்தால், எது எலும்பு, எது ரெசின் என்று எழுதிக் கட்டையின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். வாங்குபவருக்கு நியாயம், தந்தமோ என்று யாராவது சந்தேகப்பட்டால் பதிலும் கையில் இருக்கும்.

கோலின் நுனி எலும்புதான். மெழுகிட்டும் கரி ஏறி, நுண்துளைகள் மெல்லிய கருங்கோடுகளாகத் தெரிகின்றன. தேய்த்து எடுக்கலாம், எடுக்கவில்லை.