குட்நைட் புன்புன்: குரல் கேட்காத ஒரு சிறுவனின் ஏழு பாகங்கள்

என் அக்காவின் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில், ஏழு தடித்த புத்தகங்களைத் துணிப்பை ஒன்றில் சுமந்துகொண்டு கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள என் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தான். அவற்றை விறாந்தை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, “வாசிச்சுப் பாருங்கோ சின்னம்மா, பிறகு கதைப்பம்” என்றான்; தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். ரொறன்ரோவில் இருக்கும் அவனுடைய பெரியப்பா அனுப்பிய பொதியில் வந்தவை அவை. அந்த ஆண்டு முழுவதும் எங்களுடன் நாலு வசனம் சேர்ந்தாற்போலப் பேசாத பிள்ளை, கதைப்போம் என்று தானாகவே கேட்டிருக்கிறான். அந்த ஒரு காரணத்துக்காகவே, மங்கா என்ற யப்பானியச் சித்திரக்கதை வடிவத்தை அதுவரை தொட்டும் பார்த்திராத நான் அன்றிரவே முதலாம் பாகத்தைத் திறந்தேன். பக்கங்களை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்பது பிடிபடுவதற்கே சிறிது நேரம் சென்றது.

1980 இல் பிறந்த இன்யோ அசானோவின் ‘ஒயாசுமி புன்புன்’ யப்பானில் 2007 முதல் 2013 வரை தொடராக வெளிவந்து 13 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. அதனையே விஸ் மீடியா நிறுவனம் ‘குட்நைட் புன்புன்’ என்ற பெயரில் 2016, 2017 ஆம் ஆண்டுகளில் ஏழு பாகங்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. புன்புன் என்ற சிறுவனைக் கதை ஆரம்பப் பாடசாலைக் காலத்தில் இருந்து இளைஞனாகும் வரை பின்தொடர்கிறது. தந்தைக்கு வேலையில்லை, வீட்டில் சண்டை அடிதடியாக முற்றுகிறது, தாய் வைத்தியசாலைக்கும் தந்தை வேறு ஊருக்கும் போய்விட, தாயின் தம்பியான யூயிச்சி வந்து பையனைப் பார்த்துக்கொள்கிறார். வகுப்புக்குப் புதிதாக வரும் ஐகோ என்ற சிறுமியின் மேல் அவன் வைத்த அன்பும், அவளுக்குக் கொடுத்துக் காப்பாற்ற முடியாமற்போன ஒரு வாக்கும் அவனைப் பல ஆண்டுகளுக்கு விடுவதில்லை. இவ்வளவுதான் என்றால் இந்நூல் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

ஆனால் புன்புனை அசானோ மனித உருவில் வரையவில்லை. சிறுபிள்ளை கொப்பியின் ஓரத்தில் கீறிவிட்ட குருவியைப் போல, சில கோடுகளால் ஆன வெறும் வெள்ளை உருவமாகவே அவன் வருகிறான். அவனுடைய தாயும் தந்தையும் மாமாவும் அப்படியே. அவர்களைச் சுற்றியுள்ள உலகமோ புகைப்படங்களை அடிப்படையாகக் கொண்டு, மின்கம்பியும் மதிலும் படிக்கட்டும் மேகமும் ஒன்றுவிடாமல், கையால் தொட்டுப் பார்க்கலாம் போல நுணுக்கமாக வரையப்பட்டிருக்கிறது. வகுப்புத் தோழர்களுக்கு முகம் இருக்கிறது. ஐகோவுக்கு முகம் இருக்கிறது. தங்கள் நடுவே ஒரு கோட்டுக் குருவி இருப்பது அவர்களில் எவருக்கும் விசித்திரமாகத் தோன்றவுமில்லை. முதல் ஐம்பது பக்கம் வரை இதை வேடிக்கை என்றே நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மனச்சோர்வைச் சித்திரிக்க வருபவர்கள் பெரும்பாலும் மழையையும் இருண்ட அறையையும் வரைந்து, உலகமே மங்கிவிட்டதாகக் காட்டுவார்கள். இங்கே உலகம் இம்மியும் மங்கவில்லை. எல்லோரும் எல்லாமும் தெளிவாக இருக்க, தான் ஒருவன் மட்டுமே அழிந்துபோன கோடாக எஞ்சுவதாக உணரும் பிள்ளையின் அனுபவத்தை, ஒரு சொல்லும் விளக்கமாகச் சொல்லாமல், பக்கத்துக்குப் பக்கம் வாசகரின் கண்ணாலேயே உணர வைக்கிறார் அசானோ. வயது ஏற ஏற அந்தக் குருவியும் நிலைப்பதில்லை. ஒரு கட்டத்தில் கணிதப் புத்தகத்தில் வரும் நான்முகி வடிவமாகவும், பின்னர் கொம்பு முளைத்த உருவமாகவும் புன்புன் மாறுகிறான். தன்னைப் பற்றி அவன் என்ன நினைக்கிறானோ அதுவே அவனுடைய உருவமாகிவிடுகிறது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

இதைவிட என்னைப் பாதித்தது அவனுடைய குரல். மற்றவர்கள் பேசுவது பேச்சுக் குமிழிகளில் வருகிறது. புன்புன் பேசுவது அப்படி வருவதில்லை. அவன் இன்னது சொன்னான், இன்னது சொல்ல நினைத்தான் என்று கதைசொல்லியின் வரிகளே நமக்கு அறிவிக்கின்றன. சில இடங்களில் படமே இல்லாத பக்கத்தில் இரண்டொரு வாக்கியங்கள் மட்டும் நிற்கின்றன. அவனைச் சூழ்ந்துள்ள பெரியவர்களோ, ஆசிரியர்கள் உட்பட, கண்ணும் வாயும் கோணிய மிகையான முகபாவங்களுடன் ஓயாமல் பேசுகிறார்கள். மாமா சொல்லிக்கொடுத்த மந்திரத்தைச் சொல்லிக் கடவுளை அழைத்தால், சுருட்டை முடி அடர்ந்த ஒரு மனிதனின் புகைப்படத் தலை சிரித்தபடி தோன்றி, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத எதையோ சொல்லிவிட்டு மறைகிறது. ஒரு பிள்ளை எத்தனை பேரிடம் உதவி கேட்டுப் பார்க்கிறது, கேட்டதே தெரியாமல் எத்தனை பேர் கடந்து போகிறார்கள் என்பதை இந்நூலைப் போல விரிவாகக் காட்டிய வேறொன்றை நான் வாசித்ததில்லை.

தாய் வைத்தியசாலையில் தன் இறுதி நாட்களைக் கழிக்கும் அத்தியாயங்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை மகனிடம் எரிந்து விழுபவளாகவே நாம் கண்ட அந்தப் பெண்ணின் மனதுக்குள்ளும் அசானோ போகிறார். அன்பு இல்லாமல் இல்லை; அதை எப்படிச் சொல்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பகுதியை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

ஒரு விடயத்தில் அசானோவின் அவதானிப்பு மிகச் சரியானது. பதின்ம வயதினரின் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சலாகவும் கோபமாகவும், பிடித்தவற்றிலும் நாட்டம் அற்றுப்போவதாகவும், நித்திரை குழம்புவதாகவும் அது வரலாம் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரக்கப்படத்தக்க அப்பாவியாக மட்டும் புன்புன் இல்லை. அவன் சிடுசிடுப்பவன், மற்றவர்களைப் புண்படுத்துபவன், தன்னை வெறுப்பதோடு நில்லாமல் அந்த வெறுப்பைப் பிறர் மேலும் இறக்கிவைப்பவன். எங்கள் ஊரில் இத்தகைய பிள்ளைக்குக் கொடுக்கப்படும் பெயர் ‘பஞ்சி பிடிச்சவன்’, அதாவது சோம்பேறி, என்பது. ரியூட்டறிக்குப் போக மாட்டேன் என்றால் பஞ்சி. கடைசி வாங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தால் பஞ்சி. இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நானும் அந்தச் சொல்லை எத்தனையோ பிள்ளைகள் மேல் எறிந்திருக்கிறேன் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு வாக்கியமும் இங்கே எல்லா வீடுகளிலும் கேட்கும்: “நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள், உங்களுக்கு என்ன குறை?” போரின் கூட்டு மனவடுவைப் பற்றி மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் இந்த மண்ணில் இருந்தே நிறைய எழுதியிருக்கிறார்கள், ஷெல்லடியும் இடப்பெயர்வும் மனதைக் காயப்படுத்தும் என்பதை நாங்கள் பட்டு அறிந்தவர்கள். ஆனால் 2009 இற்குப் பின்னர் பிறந்த ஒரு பிள்ளை, வெளியே ஒரு குறையும் இல்லாதபோது உள்ளே ஒடுங்கிப்போனால், அதற்குக் காரணம் கேட்டுக் காரணம் கேட்டே அதன் வாயை அடைத்துவிடுகிறோம். புன்புன் வாழும் யப்பானிலும் போர் இல்லை, பசியும் இல்லை. துயரப்படுவதற்கு அவனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியைக் கேட்காமலேயே அவனுடைய துயரத்தை நூல் ஏற்றுக்கொள்கிறது. என் பெறாமகன் இந்தப் புத்தகங்களைச் சுமந்து வந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். முதல் மூன்று பாகங்கள் மிகச் சிறந்தவை. அதன் பின்னர், துன்பத்தின் மேல் துன்பமாக அடுக்கிச் செல்வதில் ஆசிரியருக்கே ஒரு வேகம் பிடித்துவிடுகிறது. பாலியல் வன்முறை, கொலை, தற்கொலை ஆகிய மூன்றும் கதையில் உள்ளன. ஒரு மதக்குழுவைச் சுற்றிய கிளைக்கதை தேவைக்கு மேல் நீள்கிறது. ஐகோவை அவளாகவே அறிந்துகொள்ள நமக்குப் போதிய பக்கங்கள் தரப்படவில்லை; அவளுடைய துயரம் பல இடங்களில் புன்புனின் துயரத்துக்கு விறகாகவே பயன்படுகிறது. எல்லாவற்றையும்விட, உதவி என்ற ஒன்று இந்த உலகில் உண்டு என்பதையே கதை அநேகமாக மறந்துவிடுகிறது. நம்பிக்கையிழப்பு எப்படி ஒரு பிள்ளையின் அறிவைக் கட்டிப்போடுகிறது என்பதைக் காட்டுவது வேறு. அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதே உலகத்தின் முழு உண்மை என்று வாசகரை நம்ப வைப்பது வேறு. ஐந்தாம், ஆறாம் பாகங்களில் அசானோ இந்த எல்லையைப் பல தடவை கடக்கிறார். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை இரவில் தனியே இருந்து இவற்றை வாசிப்பதை நான் விரும்ப மாட்டேன். முதிர்ந்த வாசகர்களுக்கானது என்றே பதிப்பகமும் இதனை வகைப்படுத்தியுள்ளது. கோட்டுக் குருவியைக் கண்டு சிறுவர் புத்தகம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒப்பிடுவதற்காக, என் பெறாமகனிடமே கேட்டு யொஷிதோகி ஓயிமாவின் ‘எ சைலன்ட் வொய்ஸ்’ என்ற மங்காவையும் வாசித்தேன். அதுவும் ஏழு பாகங்கள்தான். செவிப்புலன் குறைந்த ஒரு மாணவியைச் சிறுவயதில் துன்புறுத்திய பையன், பின்னர் தானே ஒதுக்கப்பட்டு, வாழ்வையே வெறுத்த நிலையில் இருந்து மீளும் கதை அது. பிறரின் முகங்களை ஏறெடுத்துப் பார்க்க அவனால் இயலாது என்பதைக் காட்ட, அவர்களுடைய முகங்களின் மேல் பெருக்கற்குறி போன்ற அடையாளம் ஒட்டப்பட்டிருக்கும். ஒருவரோடு நட்பு உண்டாகும்போது அந்த அடையாளம் கழன்று விழும். கலைநுட்பத்தில் அசானோவின் ஆழம் அதற்கு இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு எது என்று கேட்டால், ஒரு கணமும் தயங்காமல் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

‘குட்நைட் புன்புன்’ நூலைப் பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் வாசிப்பதானால், வீட்டில் பெரியவர் ஒருவரும் கூடவே வாசிக்க வேண்டும். பறித்து ஒளித்து வைப்பதால் பயனில்லை. கைத்தொலைபேசியில் தேடி வாசித்துவிடுவார்கள், அப்போது கதைப்பதற்கும் ஆள் இருக்காது. வாசிக்கும்போது மனம் தாங்காமற்போனால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். யாழ்ப்பாணத்திலேயே சாந்திகம் என்ற நிறுவனம் உளவளத்துணை வழங்குகிறது. ‘விசர்’ என்ற சொல்லுக்குப் பயந்து பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்கும் பெற்றோருக்காகவே இதனை இங்கே எழுதுகிறேன்.

ஏழாம் பாகத்தை முடித்த மறுநாள் பின்னேரம் அவன் வந்தான். இம்முறை தேநீர் குடித்தான். இறுதி அத்தியாயத்தில், நெடுங்காலத்துக்கு முன் ஊர் மாறிப்போன பள்ளித் தோழன் ஒருவன் தற்செயலாகப் புன்புனைச் சந்திக்கிறான். ஆனால் அவனுடைய பெயர் தோழனுக்கு நினைவில் வரவில்லை. இவ்வளவு துயரத்துக்குப் பிறகு பெயரைக்கூட மிச்சம் வைக்கவில்லையே, இது பெரிய கொடுமை என்று நான் சொன்னேன். அவன் அந்தப் பக்கத்தைத் திருப்பி எடுத்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பேர் ஞாபகமில்லாட்டிலும், நிண்டு கதைச்சவன்தானே சின்னம்மா” என்றான். பிறகு, அந்த ஆண்டில் தனக்கு நடந்தவற்றைச் சொல்லத் தொடங்கினான். தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைக்கக்கூட நான் எழும்பவில்லை.